ஒன்றரை லட்சம் ரூபாயை யாருக்குத் தருவது: எல்லையோர வாசகசாலை ஒன்றின் முன் உள்ள தேர்வுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையருகே, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் ஊர் வாசகசாலையில், ஊர்க்காரர்களும் வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகளும் ஆண்டுதோறும் சேர்த்துத் தரும் தொகை இம்முறை ஒன்றரை லட்சம் ரூபாயாக நிற்கிறது. இத்தொகையைக் கேட்டு மூன்று பக்கங்களிலிருந்து விண்ணப்பங்கள் வந்துள்ளன. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு உதவித்தொகையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது பெற்றோர்கள் பலரின் வேண்டுகோள். அரங்கேற்றச் செலவுக்கும் ஆடைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஐம்பதாயிரம் வேண்டும் என்று வள்ளி கும்மிக் குழு கேட்டிருக்கிறது. அதனுடன், தவில் கற்கும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்காக அவனுடைய ஆசிரியரும் எழுதியிருக்கிறார். மாலை நேர டியூஷன் நடத்தும் பெண்கள் குழு ஒன்று, வாடகைக்கும் இரண்டு ஆசிரியைகளின் மதிப்பூதியத்துக்குமாக எழுபதாயிரம் கேட்கிறது. எல்லோரும் நம்மவர்கள், எந்த விண்ணப்பத்திலும் பொய் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்று பிரிப்பது இந்த முறை வேண்டாம் என்பதே வாசகசாலைக் குழுவின் முன் நான் வைக்கும் கருத்து. அதற்கான காரணங்களை, இதே கேள்வியை எதிர்கொள்ளும் மற்ற எல்லையோர ஊர்களுக்கும் பயன்படட்டும் என்று விரிவாக எழுதுகிறேன்.

கடந்த ஆண்டுகளில் நாங்கள் செய்தது அந்தப் பிரிப்புதான். அறுபது பிள்ளைகளை மேடையேற்றி, ஆளுக்கு ஆயிரம் ரூபாய் உறையும் ஒரு நோட்டுக் கட்டும் கொடுத்தோம். அந்த நாள் ஊருக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஆயிரத்தால் கல்லூரிக் கட்டணம் கட்டியவரும் இல்லை, படிப்பை நிறுத்த நினைத்து அதனால் தொடர்ந்தவரும் இல்லை. அறுபதாயிரம் ரூபாய் ஒரே மாலையில் செலவாகி, யாருடைய வழியும் மாறவில்லை.

ஆகவே, கல்வி பெரிதா, கலை பெரிதா, தொண்டு பெரிதா என்று நாம் வாதிட வேண்டியதில்லை. அந்த வாதத்துக்கு முடிவும் கிடையாது. ஒவ்வொரு விண்ணப்பத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவருக்கு வேறு ஒரு கதவு திறந்திருக்கிறதா? திறந்திருந்தால், நம் பணத்தைக் கொடுப்பதைவிட அந்தக் கதவுவரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே மலிவானது, பயனும் பெரிது. எங்குமே கதவு இல்லை என்றால், அங்கேதான் நம்முடைய சிறு தொகை முழுதாகப் போய்ச் சேர வேண்டும். இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது மூன்று விண்ணப்பங்களும் நாம் முதலில் நினைத்ததுபோல் தோன்றவில்லை.

மாணவர்கள்: இருக்கும் கதவும் இல்லாத கதவும்

முதலில், இருக்கும் கதவைப் பற்றிச் சொல்கிறேன். மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் திட்டம் 2008-இல் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி ஆகியவற்றில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள், பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மிகாமல் இருந்தால், மாநில அளவில் நடக்கும் தேர்வை எழுதலாம். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும்; பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள், பாடத் தேர்வில் 90 வினாக்கள். இரண்டையும் சேர்த்து 40 விழுக்காடு எடுத்தவர்களே தகுதிப் பட்டியலுக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு அது 32 விழுக்காடு. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் நேரடியாக வங்கிக் கணக்கில் வரும். நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் 48,000.

இந்தக் கணக்கைக் குழு உறுப்பினர்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். இருபது பிள்ளைகளுக்கு நாம் பயிற்சி கொடுத்து, அவர்களில் மூவர் மட்டுமே தேர்வானாலும், நான்கு ஆண்டுகளில் நம் ஊருக்குள் வரும் தொகை 1,44,000 ரூபாய். ஏறக்குறைய நம் கையில் இருக்கும் முழுத் தொகை. சனிக்கிழமை வகுப்பு, வினாத்தாள் அச்சு, பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, சொல்லிக்கொடுப்பவர்களுக்கு மதிப்பூதியம் எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்துக்குள் நடத்திவிடலாம். தேர்வாகாத பதினேழு பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கும் அறிவியலும் வீணாகப் போவதில்லை. மூவர் நிச்சயம் தேர்வாவார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால் நாம் பணமாகக் கொடுக்கும் எந்த வழியிலும் இப்படிப் பெருகும் வாய்ப்பே இல்லை.

இருக்கும் கதவுக்குப் பயிற்சி ஏன் தேவைப்படுகிறது என்றால், அதற்குக் காரணம் நம் எல்லைதான். பொள்ளாச்சியிலும் கோயம்புத்தூரிலும் தமிழில் கிடைக்கும் வழிகாட்டிப் புத்தகங்கள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றியவை. நம் பிள்ளைகள் தமிழ் வழியில் படித்தாலும், படிப்பது கேரளத்தின் பாடநூல்களை. அவர்கள் எழுதுவது கேரளம் நடத்தும் தேர்வை. சமூக அறிவியலில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பாலக்காட்டுக் கடைகளிலோ கேரளப் பாடத்திட்டப்படியான புத்தகங்கள் மலையாளத்திலேயே அதிகம். ஆக, அந்தப் பக்கத்துப் புத்தகம் மொழியால் பொருந்தி, பாடத்தால் பொருந்தாமல் போகிறது. இந்தப் பக்கத்துப் புத்தகம் பாடத்தால் பொருந்தி, மொழியால் தடுக்கிறது. கேரளப் பாடநூலை வைத்துத் தமிழில் பயிற்சி வினாக்கள் எழுதும் வேலையை நமக்காக வேறு யாரும் செய்யப் போவதில்லை. ஓய்வுபெற்ற தமிழ்வழி ஆசிரியர்கள் நம் ஊரைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தேர்வான பிறகும் பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். இந்தத் தொகை ஒருமுறை கிடைத்துவிட்டால் தானாகவே தொடர்வதில்லை. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒன்பதிலிருந்து பத்துக்கும், பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்கும் முதல் முயற்சியிலேயே தேர்ச்சி பெற வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும், பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஐந்து விழுக்காடு குறைவு. வங்கிக் கணக்கு ஆதாருடன் இணையாமல் இருப்பது, பள்ளிப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் பெயரின் எழுத்து இருப்பது போன்ற சிறிய காரணங்களால் பெரிய தொகை நின்றுவிடுகிறது. தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்து நம் பள்ளியில் பெயருக்கு முன்னும் வேறு ஆவணத்தில் பின்னும் வருவது இங்கே தினந்தோறும் காணும் சிக்கல். அக்‌ஷயா மையத்தில், அதாவது கேரள அரசின் இணையச் சேவை மையத்தில், ஒரு பிற்பகல் கூடவே உட்கார்ந்து சரிபார்க்கும் ஒருவர் இருந்தால், அந்த உதவி நாம் கொடுக்கும் ஆயிரம் ரூபாயைவிடப் பல மடங்கு மேலானது.

இனி, கதவே இல்லாத இடம். நம் ஊரிலிருந்து பாலக்காட்டுக்குப் போவதைவிடப் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளே அதிகம். தமிழில் படித்தவர்களுக்கு அது இயல்பான வழி. நம் மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது என்றாலும், எல்லோரும் தமிழ் இலக்கியம் படிக்கப் போவதில்லை. கோயம்புத்தூர்க் கல்லூரியில் சேரும் நம் பெண்ணுக்குப் பக்கத்து இருக்கையில் அமரும் தோழிக்கு, தமிழ்நாடு அரசின் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2022-இல் தொடங்கிய அத்திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்களை மனத்தில் வைத்து அமைந்தது. பின்னர் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தபோதும் அதே அடிப்படைதான். நம் பெண்ணும் அரசுப் பள்ளியில்தான் படித்தாள், தமிழ் வழியில்தான் படித்தாள்; ஆனால் அந்தப் பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தது. மூன்று ஆண்டுகளில் 36,000 ரூபாய் அவளுக்கு இல்லை.

இந்தப் பக்கம் திரும்பினாலும் அதே நிலைதான். கேரள மாநில உயர்கல்வி கவுன்சிலின் உதவித்தொகை, பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளுக்கு முறையே 12,000, 18,000, 24,000 என்று தரப்படுவது. நல்ல தொகை. ஆனால் அது கேரளத்தில் உள்ள கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு. கோயம்புத்தூரில் சேர்ந்த அன்றே நம் பெண் அதற்கு வெளியே போய்விடுகிறாள். இரண்டு மாநிலங்களையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. தம் பள்ளிகளுக்கும் தம் கல்லூரிகளுக்கும் திட்டம் வகுப்பது அவற்றின் உரிமை. ஆனால் பள்ளி ஒரு பக்கமும் கல்லூரி மறு பக்கமுமாக வாழும் நம்மைப் போன்றவர்கள் இரு திட்டங்களுக்கும் நடுவில் விழுகிறோம் என்பது உண்மை. பெற்றோர்கள் இதை ஊழ் என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே பெரிய வழி, கல்லூரி மாணவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை. பிளஸ் டூவில் தம் தேர்வு வாரியத்தின் மேல்வரிசை இருபது விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், பட்டப்படிப்பில் ஆண்டுக்கு 12,000 கிடைக்கும்; இந்தியாவில் எந்த மாநிலத்தில் படித்தாலும் தடையில்லை. ஆனால் கேரளத்தில் பிளஸ் டூ மதிப்பெண்கள் பொதுவாக உயர்வானவை. அந்த மேல்வரிசைக்குள் நுழைவது எளிதல்ல. நன்றாகப் படித்தும் அந்த வரிசைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்ட பெண்ணைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் உதவித்தொகை என்று ஒன்று இருக்குமானால், அது முதல் மதிப்பெண்காரருக்குப் போகக் கூடாது. அவருக்கு வழிகள் உண்டு. இந்தப் பக்கம் பள்ளி முடித்து அந்தப் பக்கம் கல்லூரியில் சேர்ந்து, மத்தியத் தொகையும் கிடைக்காதவருக்குப் போக வேண்டும். ஐந்து பேருக்குத் தலா 12,000 என்று வைத்தால் அறுபதாயிரம் ஆகிறது. அறுபது பேருக்குக் கொடுத்த அதே அறுபதாயிரம்.

இந்த இடத்தில் சாதிச் சான்றிதழ் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடி வந்த பட்டியல் சாதிக் குடும்பங்கள், 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாளுக்கு முன்பே இந்த மாநிலப் பகுதியில் வாழ்ந்ததற்கான ஆவணம் காட்ட முடியாவிட்டால், இங்கே சான்றிதழ் பெற முடியாமல் தவிக்கின்றன. மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக இது நீடிக்கும் வேதனை. நம் பகுதியிலும் தெரியாததல்ல. பெற்றோரின் பூர்வீக மாநிலத்தில் சான்றிதழ் வாங்கலாம் என்றாலும், அந்த மாநிலத்தின் உதவித்தொகைக்கு அங்கே வசிப்பிடம் கேட்பார்கள். வில்லேஜ் ஆபீஸ் படியேறி இறங்கியே ஒரு தலைமுறை களைத்துவிட்டது. இச்சிக்கலை ஒரு வாசகசாலையால் தீர்க்க முடியாது. ஆனால் என்.எம்.எம்.எஸ். தேர்வைப் பொதுப் பிரிவில் எழுதுவதற்கும், மேற்சொன்ன மத்தியத் தொகையைப் பொதுப் பிரிவில் கேட்பதற்கும் சாதிச் சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் இல்லாததால் எந்த உதவித்தொகையும் கிடைக்காது என்று நினைத்து, இவற்றையும் கேட்காமல் விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. பயிற்சி வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது முதலில் இந்த வீடுகளுக்குத்தான் போக வேண்டும்.

கலைஞர்கள்: மேடையா, கற்றலா

வள்ளி கும்மி இன்று கொங்கு நாடு முழுவதும் செழித்திருக்கிறது. கோயம்புத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த பத்திரப்பன் அவர்களுக்கு அக்கலைக்காக 2024-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம் ஊரிலும் பெருமைப்பட்டோம். நம் பெண்கள் ஆடத் தொடங்கியிருப்பது எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அரங்கேற்றத்துக்குக் கோயில் கமிட்டி உண்டு, உறவுமுறை உண்டு, அன்றைய மொய் உண்டு. ஊர் கூடும் நாளில் செலவு எப்படியோ கூடிவிடும். ஐம்பதாயிரம் ஒரே இரவுக்குப் போவதை நம் தொகையிலிருந்து ஏற்க வேண்டியதில்லை. வாசகசாலையின் ஒலிபெருக்கியை வாடகையின்றிக் கொடுக்கலாம், அது போதும்.

தவில் கற்கும் பையனின் நிலை வேறு. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சி.சி.ஆர்.டி. நிறுவனம், இளங்கலைஞர்களைக் கண்டறிந்து, ஆண்டுக்கு 3,600 ரூபாயும், 9,000 ரூபாய் வரையிலான பயிற்சிக் கட்டணமும் தருகிறது. ஆனால் அதற்கு 10 முதல் 14 வயதுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை மாதம் 5,000 வீதம் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். அது 18 முதல் 25 வயதினருக்கு, அதுவும் ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்றிருந்தால்தான். நம் பையனுக்கு இப்போது 15. முதல் கதவு மூடிவிட்டது. அப்படி ஒரு கதவு இருந்ததே அவன் வீட்டுக்குத் தெரியாது. அடுத்த கதவு திறக்க மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. இந்த மூன்று ஆண்டுகளில்தான் கல்யாண சீசனில் மேளத்துக்குப் போவதா, பெயின்ட் வேலைக்குப் போவதா என்று பையன்கள் முடிவெடுக்கிறார்கள். பயிற்சி இடையில் அறுந்தால், 18 வயதில் ஐந்து ஆண்டுப் பயிற்சியைக் காட்ட முடியாமல் அந்தக் கதவும் மூடிவிடும்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தின் எல்லைக்குள் தமிழ்நாடும் கேரளமும் ஆந்திரமும் அடங்கும். பண்பாட்டு மையங்களின் குரு–சிஷ்யத் திட்டத்தில் குருவுக்கு மாதம் 7,500, சிஷ்யருக்கு 1,500 என்பது வழக்கமான அளவு. அதையே பின்பற்றி, மாதம் 1,500 வீதம் ஆண்டுக்கு 18,000 என்று இந்தப் பையனுக்குக் கொடுக்கலாம். அதே 15–17 வயதில் இன்னொரு கலையைக் கற்கும் ஒரு பிள்ளைக்கும் கொடுத்தால் மொத்தம் 36,000. தோல்பாவைக்கூத்தை அறிந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பகவதி கோயில் கூத்துமாடங்களில், 21 விளக்குகளின் ஒளியில் இரவெல்லாம் கம்பராமாயணம் பாடுகிறார்கள். மலையாள நாட்டுக் கோயிலில் தமிழ்ப் பாடல் இன்றும் ஒலிக்கிறது. ஷொர்ணூருக்கு அருகிலுள்ள கூனத்தறையின் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்தக் கலை இத்தனை நூற்றாண்டுகள் நின்றதற்குக் காரணம், பாட்டையும் பொருளையும் சிறு வயதிலிருந்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் வீட்டுக்குள்ளேயே இருந்ததுதான். பார்வையாளர் குறைந்த இரவுகளிலும் கூத்து நடந்திருக்கிறது. கற்கும் பிள்ளை இல்லாவிட்டால் ஒரு தலைமுறையில் நின்றுபோகும்.

பணம் மாதந்தோறும் கொடுக்கப்பட வேண்டும், மொத்தமாக அல்ல. ஆசிரியரின் கையெழுத்துடன் ஒரு சிறு வருகைக் குறிப்பு போதும். அது கெடுபிடி அல்ல. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மத்திய உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது, பயிற்சிக்குச் சான்றாக அந்தக் குறிப்பேடே அவன் கையில் இருக்கும். இன்னொன்று: கேரள அரசின் வஜ்ர ஜூபிலி ஃபெலோஷிப் பெற்ற கலைஞர்கள் உள்ளாட்சிகள் வழியாக இலவசமாகக் கற்பிக்கிறார்கள். கும்மியோ தாளமோ கற்க விரும்பும் மற்றப் பிள்ளைகளுக்கு, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளிடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.

டியூஷன் குழுவின் விண்ணப்பம்

இக்குழுவுக்கு எழுபதாயிரம் கொடுத்தால், வாடகைக்குப் பாதி போய்விடும். அடுத்த ஆண்டும் நம்மிடமே வர வேண்டியிருக்கும். முதலில் சங்கமாகப் பதிவு செய்துகொள்ள உதவி, பிறகு வெளி நிதி தேடச் சொல்லலாமே என்று சிலர் கூறுகிறார்கள். பதிவு செய்வது கடினமல்ல. சித்தூர் வட்டம் பழைய கொச்சி நாட்டைச் சேர்ந்ததால் இங்கே 1955-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சிச் சங்கப் பதிவுச் சட்டம் பொருந்தும். மலபாராக இருந்த பக்கத்துப் பகுதிகளுக்கு 1860-ஆம் ஆண்டுச் சட்டம். விவரம் தெரியாமல் பாலக்காட்டிலிருந்து மாதிரி விதிமுறைகளை வாங்கிவந்து எழுதினால் திரும்பவும் எழுத வேண்டியிருக்கும். ஆனால் பதிவு என்பது முதல் படி மட்டுமே. மத்திய அரசு நிதிக்கு, தொண்டு நிறுவனங்களுக்கான அதன் பதிவுத் தளமாகிய என்.ஜி.ஓ. தர்பனில் எண் வேண்டும். சங்கத்துக்கும் நன்கொடையாளருக்கும் வரிச் சலுகை தரும் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற இவற்றோடு மூன்றாண்டுச் செயல்பாட்டுச் சான்றும் தனிப் பதிவும் வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை. மாலையில் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஐந்து பெண்கள் மீது இந்தச் சுமையை இப்போதே ஏற்றுவது நியாயமல்ல என்பது என் எண்ணம்.

அவர்களுக்கு உண்மையில் தேவை இடமும் வேலைக்கான ஊதியமும். வாசகசாலையின் மேல்மாடி மாலை ஐந்து மணிக்குப் பிறகு பூட்டியே கிடக்கிறது. அதை இலவசமாகக் கொடுத்துவிட்டால் வாடகைச் செலவு இல்லாமல் போகும். மேலே சொன்ன என்.எம்.எம்.எஸ். பயிற்சியை நடத்தும் பொறுப்பையும் அதற்கான முப்பதாயிரத்தையும் அவர்களிடமே ஒப்படைக்கலாம். மூன்று ஆண்டுகள் ஒழுங்காக வரவு–செலவு எழுதினால், அதற்குப் பிறகு பதிவு பற்றிப் பேசுவதற்கு அவர்களிடம் ஓர் அடித்தளம் இருக்கும். மேல்மாடியில் வகுப்பு நடப்பதால் வாசகசாலைக்கும் ஆள் வரும். நூலகக் கவுன்சில் தர மதிப்பீடு செய்ய வரும்போது அதுவும் நமக்கு நல்லதே.

தொகையைக் கையாளும் முறை

மொத்தக் கணக்கு இப்படி வருகிறது: பயிற்சிக்கு 30,000, எல்லை கடந்து படிக்கும் ஐந்து கல்லூரி மாணவர்களுக்கு 60,000, கலை கற்கும் இருவருக்கு 36,000. மீதி 24,000. இதை முன்பண நிதியாக வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அரசு உதவித்தொகைகள் எப்போதும் தாமதமாகவே வரும்; கல்லூரிக் கட்டணத்துக்கோ கடைசி நாள் என்று ஒன்று உண்டு. உதவித்தொகை உறுதியாகியும் பணம் வந்து சேராத பிள்ளைக்கு, அந்த இடைவெளியில் வட்டியில்லாமல் கொடுத்து, தொகை வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தர முடியாதவரை நெருக்கக் கூடாது. சான்றிதழ்க் கட்டணம், அக்‌ஷயா மையச் செலவு, பாலக்காட்டுக்குப் போய்வரும் பஸ் செலவு ஆகியவற்றையும் இதிலிருந்தே கொடுக்கலாம்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் நன்கொடை பற்றி ஒரு எச்சரிக்கை. இந்தியக் குடியுரிமையுடன் இருப்பவர் தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டு நிதியாகக் கருதப்படாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவர் நம் தெருவிலேயே பிறந்தவராக இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டத்துக்குள் வந்துவிடும், அந்தப் பதிவு இல்லாத நாம் அதை வாங்கக் கூடாது. சென்ற ஆண்டு அன்போடு அனுப்ப முன்வந்த ஒருவரிடம் இதைச் சொல்லி மறுக்க வேண்டியிருந்தது. அவர் வருத்தப்பட்டார், ஆனாலும் வேறு வழி இல்லை.

தேர்ந்தெடுக்கும் முறையில் மூன்று விஷயங்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விண்ணப்பம் ஒரே பக்கமாக, தமிழிலும் மலையாளத்திலும் இருக்க வேண்டும். நம் ஊரில் மலையாளம் பேசும் வீடுகளும் உண்டு. இது அவர்களுடைய வாசகசாலையும்தான். குழு உறுப்பினர் யாருடைய உறவினரின் விண்ணப்பம் வந்தாலும், அவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து வெளியே போய்விட வேண்டும். மூன்றாவது, மேடை வேண்டாம். வறுமையை நிரூபித்துப் பணம் வாங்கும் பதினெட்டு வயதுப் பெண்ணை ஊர் முன் நிறுத்திப் படம் எடுப்பது அவளுக்குச் செய்யும் உதவி ஆகாது. பொதுக்குழுவில் தொகையையும் எண்ணிக்கையையும் மட்டும் வாசித்தால் கணக்குக்குப் போதும்.

அரசு அலுவலகங்களுக்கு எழுத வேண்டி வரும்போது மலையாளம் சரியாக வராதே என்று தயங்க வேண்டாம். கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசுடனும், தம் பகுதி அலுவலகங்களுடனும் கடிதத் தொடர்பு கொள்ள இடம் தருகிறது. பதிலும் அதே மொழியில் பெறும் உரிமை உண்டு. இணையப் படிவங்கள் தமிழில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்துக்குக் காரணம் கேட்கும் கடிதத்தைத் தமிழில் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இவை ஏற்கப்பட்டால் அடுத்த வேலைகள் காத்திருக்கின்றன. வாசிப்பு தினமான ஜூன் 19 அன்று விண்ணப்பப் படிவத்தை வெளியிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பட்டியலையும் ஏழாம் வகுப்பு மதிப்பெண்களையும் ஜூலைக்குள் பள்ளிகளிடம் கேட்டு வாங்கினால், ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை மேல்மாடியில் வகுப்பைத் தொடங்கிவிடலாம். மாடிக்கு இரண்டு டியூப் லைட்டும் ஒரு கரும்பலகையும் வேண்டும். அவற்றை என் பொறுப்பில் வாங்கித் தருகிறேன்.